உள்ளே இருக்கும் கேள்வி

ரத்த வங்கிக் கணினியில் மெர்லின் எழுதிய குவெரிக்குள், அதாவது தகவல் தேடும் கட்டளைக்குள், இன்னொரு குவெரி இருந்தது. உள்ளே இருந்தது ரத்தத்தில் நோய்த்தொற்று உறுதியான கொடையாளர்களைத் தேடியது. வெளியே இருந்தது அவர்களின் ரத்தம் ஏற்றப்பட்டவர்களைத் தேடியது. ஓட்டினாள். மூன்று பெயர்கள் வந்தன.

"பழைய குவெரி நாப்பது நிமிஷம் ஓடும், இது ஒரே செகண்ட்ல வந்துருச்சே!" என்றார் பக்கத்து மேசை கதிரேசன். "எதுக்கும் உள்ள இருக்கறத மட்டும் தனியா ஓட்டிப் பாத்துரும்மா."

அப்படித்தான் எப்போதும் சரிபார்ப்பார்கள். ஓட்டினாள். ஒரேயொரு கொடையாளர் எண் வந்தது. போன மாத முகாமில் அவள் ரத்தம் கொடுத்தபோது தன் அட்டையில் பார்த்து, மகன் பிறந்த வருடத்தில் முடிகிறதே என்று சிரித்த எண்.

"எத்தன பேரும்மா?"

கதிரேசனின் நாற்காலி அவள் பக்கம் உருண்டது. மெர்லின் திரையிலிருந்த எண்ணை உள்ளங்கையால் மூடினாள்.

"ஒருத்தர்தான் சார்."

கையை எடுக்க முடியவில்லை.