அதே பெயரில்

புல்லாங்குழல் மந்தமாகக் கேட்டது. போர்வைக்குள்ளிருந்து யாரோ ஊதுவதுபோல.

அவர் கம்ப்யூட்டரில் ஒலியைக் கூட்டினார். சத்தம்தான் கூடியது.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். மந்தம் போகவில்லை.

அது கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் ஜெபஸ்டின் அனுப்பிய பழைய பிரதி. சில வருடங்களுக்கு முன் அவரே உருவாக்கி அவனுக்குக் கொடுத்த டோன்.

பாளையங்கோட்டைப் பக்கம் கச்சேரியிலும் சர்ச்சிலும் கீபோர்டு வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அவருடைய டோன்களைத்தான் வாசிக்கிறார்கள். வயலின், வீணை, நாகஸ்வரம், குழல். திரையில் இருக்கும் குமிழ்களைத் திருகித் திருகி, காது சரி என்று சொன்ன இடத்தில் நிறுத்திச் சேமித்து வைப்பார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கொடுத்த பிறகும் சும்மா இருக்க மாட்டார். திறக்கும்போதெல்லாம் ஏதோ குறைவதுபோல் இருக்கும். ஒரு நூல் திருகுவார். அதே பெயரில் சேமிப்பார். பழையதை வைத்துக்கொள்ளும் வழக்கமே கிடையாது. ஒரு டோனுக்கு ஒரு பெயர் போதும், இரண்டு இருந்தால் மேடையில் தடுமாற வேண்டிவரும் என்பது அவர் கட்சி.

இன்று காலையில்தான் எல்லாவற்றையும் கருவிவாரியாகப் பிரித்து அடுக்கினார். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்தார். வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அனுப்பினார். தன்னிடம் தொலைந்தாலும் யாரிடமாவது இருக்கும் என்ற நிம்மதியோடு சாப்பிடப் போனார்.

கை கழுவி வருவதற்குள் ஜெபஸ்டினின் குரல் வந்து கிடந்தது.

"அண்ணே, தப்பா நெனைக்காதிய. புதுசா வந்தது எல்லாமே காதக் குத்துது. குழலு விசிலு மாதிரி கீச்சுங்கு. காப்பி பண்ணும்போது கெட்டுப்போச்சோ என்னமோ. எங்கிட்ட பழசு கெடக்கு, அனுப்பட்டா?"

அனுப்பச் சொன்னார். இவனுக்கெல்லாம் ஸ்பீக்கர் வாங்கத் தெரியவில்லை என்று மனதுக்குள் திட்டவும் செய்தார்.

இப்போது இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒலியின் கூர்மையைக் கூட்டும் குமிழ், பழையதில் நடுவில் நின்றது. அவருடையதில் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது.

வயலினைத் திறந்தார். அதிலும் அப்படித்தான்.

வீணையிலும்.

எதுவும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் அவர் தன் கையால் திருகி வைத்த இடத்தில்தான் இருந்தன.

காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டார்.

மனைவியைக் கூப்பிட்டார். ரெஜினா மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு வந்து நின்றாள். அவளுக்கு இந்தக் குமிழ்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. காது மட்டும் நல்ல காது.

முதலில் தன்னுடைய குழலை வாசித்தார். அவருக்கு அது அசல் குழலாகவே கேட்டது. மூங்கிலில் மூச்சு உரசுவதுகூடக் கேட்டது.

அவள் தோளைக் குறுக்கினாள். சட்டையோடு சேர்த்து ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

பழையதை வாசித்தார்.

அவள் கை மெல்ல இறங்கியது.

"இது நல்லாருக்கே. முன்ன நீங்க வாசிக்கது இப்படித்தான இருக்கும். எதுக்கு மாத்துனியன்னு ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்."

சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அப்படியானால் மங்கிப்போயிருப்பது அவருடைய காதுதான்.

அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. எத்தனை கச்சேரிகளில் முன்வரிசைக்காரர்கள் இப்படித் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் வைத்த டோன், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

இனிப் புதிதாக ஒன்றை உருவாக்க உட்கார்ந்தால், குமிழை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

ஜெபஸ்டினுக்குப் பதில் எழுதினார். ஆமா தம்பி, ஃபைல்தான் கெட்டுப்போச்சு, பழசையே எல்லாருக்கும் அனுப்பிரு.

பிறகு பழையவற்றை ஒவ்வொன்றாகத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினார். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அழித்துவிட்டு இதை வைக்கவா என்று ஒவ்வொரு முறையும் கேட்டது. வை என்றார். வயலின் போயிற்று. வீணை போயிற்று. நாகஸ்வரமும் போயிற்று.

குழலுக்கு வந்ததும் கை ஓடவில்லை.

தன்னுடைய குழலை இன்னொரு முறை திறந்தார். வேறு பெயரில் சேமிக்கச் சொன்னார்.

என்ன பெயர் என்று கேட்டது.

'எனக்கு' என்று வைத்தார்.

அடுத்த அறையில் ரெஜினா இருந்தாள். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.