கடைசிப் பல்லவி

டிரம்மர் கிளைவ் இறந்த எட்டாம் மாதம், மிச்சமிருந்த நாங்கள் மூவரும் ரொவீனாவை டிரம்ஸுக்குச் சேர்த்து, பர்மிங்ஹாமில் மறுபடி ஒத்திகை தொடங்கினோம். இவள் சரிப்படாவிட்டால் இசைக்குழுவைக் கலைத்துவிடுவதாகப் பேச்சு.

கடைசிப் பல்லவியில் கிளைவ் வேகம் பிடித்துவிடுவான். முப்பது வருடம் அவன் பின்னால் ஓடினோம். ரொவீனாவோ தாளம் பிசகாதவள்.

முதல் முறை அவளுக்கு முன்பே பாட்டை முடித்துவிட்டோம், மூவரும் ஒரே நொடியில்.

“யாரைத் துரத்திட்டு ஓடுறீங்க, பெருசுங்களா?”

“பழக்கதோஷம்மா,” என்றேன்.

இரண்டாம் முறை அவள் கையையே பார்த்து வாசித்தோம். அப்போதும் அப்படியேதான் ஆயிற்று.

மூன்றாம் முறை நாங்கள் மூவர் மட்டும் வாசித்தோம், அவள் வாசிக்கவில்லை. குச்சிகளை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பல்லவி வந்ததும் மெல்ல எழுந்து, யாருக்கோ இடம் விடுவதுபோல் ஸ்டூலை விட்டுத் தள்ளி நின்றாள்.