வீங்கின தோள்

இந்தக் காலத்துப் பசங்க வீட்டுல தண்ணிக் குடம் தூக்கமாட்டானுங்க; காசு கட்டி ஜிம்முல இரும்பு தூக்குவானுங்க. பதினஞ்சு வயசுப் பேரன் யுவராஜுக்குத் தோள் வீங்கிப்போச்சு.

"வளர்ற பையன், இரும்பை நிறுத்தச் சொல்லும்மா" என்றேன் டாக்டரிடம்.

"மாஸ்டர் பக்கத்துல இருந்து, எடையைக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தினா ஒண்ணும் ஆகாது, பெரியவரே. தம்பி, எவ்ளோ தூக்கற?"

"பத்து கிலோ மேடம். அதுக்கு மேல மாஸ்டர் தொடவே விடமாட்டாரு."

"இது பெரும் பாரம் அழுத்தின வீக்கம். உண்மையைச் சொல்லு, இல்லன்னா ஜிம்மை நிறுத்திடுவேன்."

அவன் தலையைக் குனிஞ்சுக்கினான். என்னைக் காட்டிக்கொடுக்கலை.

போன வாரம் பெரிய காஞ்சிபுரத்துல எங்க தெருக் கோயில் உற்சவம். சாமி தூக்க ஓராள் குறைஞ்சுது. "ஆம்பளதானே, தோள் குடுடா"ன்னு பல்லக்குத் தண்டை அவன்மேல வெச்சவன் நான்.

"நிறுத்தாதேம்மா, நான்தான் காரணம்" என்று சொல்லிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே எழுந்து நடந்தேன். இரும்பை மட்டும் நான் இன்னும் நம்பலை.