ஐந்தாவது தகடு

"டெலஸ்கோப் கண்ணாடி பழுது, விக்டர். ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடுவே?"

கல்லூரிச் சாமான்களுக்குப் பொறுப்பாளரான ஃபாதர் அற்புதசாமி, நான்காவது புகைப்படத்தை மேஜைமேல் போட்டார்.

"கண்ணால பாத்தா தெரியுது, ஃபாதர். வரிசையா மூணு நட்சத்திரம் இருக்கில்ல, அதுக்குக் கீழ. புகை மாதிரி."

"தெரியறது உனக்கு. எனக்குத்தான் ரெண்டு கண்ணுலயும் புரையாச்சே. படத்துல காட்டுன்னு சொன்னேன். நாலு படம் கொண்டாந்தே. நட்சத்திரமெல்லாம் இருக்கு, நீ சொல்ற மேகத்தை மட்டும் காணோம். வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

அது ஏன் என்று விக்டருக்கும் புரியவில்லை.

மாடியில் இருந்த பித்தளைத் தொலைநோக்கி வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்தது. திங்கட்கிழமை உடைந்த பெஞ்சுகளோடு அதுவும் ஏலத்துக்குப் போகிறது. ஓரியன் நெபுலா என்கிற அந்த ஒளிமேகம் ஒரே ஒரு படத்தில் விழுந்தால் தொலைநோக்கி ஏலத்துக்குப் போகாது. இயற்பியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருக்கும் விக்டருக்கு இந்த ஆயுசில் இன்னொரு தொலைநோக்கி கிடைக்கப் போவதில்லை.

"இன்னும் ஒரு தடவை, ஃபாதர்."

"வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடிஞ்சதும் மாடிச் சாவி வாங்கிக்கோ. அதோட சரி."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு விக்டரும் அவன் மனைவி டோரதியும் மாடி ஏறினார்கள். வடக்கே ஸ்ரீரங்கத்துக் கோபுர விளக்கு தெரிந்தது. வானத்தில் மேகம் இல்லை.

"என்னங்க, என் கை ஆடிடுச்சுன்னு ஃபாதர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல."

"நினைச்சீங்களா?"

"கொஞ்சம்."

"அப்ப இன்னிக்கு நீங்களே டெலஸ்கோப் திருகைப் பிடிங்க. நான் கடிகாரம் பாக்கறேன்."

"வேணாம். உன் கைதான் நல்ல கை."

"இதை முதல் தகட்டுக்கே சொல்லியிருக்கலாம்."

தொலைநோக்கியின் முனையில், படம் பதியும் கண்ணாடித் தகடு வைத்த மரப்பெட்டி. பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய். டோரதி அதில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரம் குறுக்குக் கம்பியை விட்டு விலகாதபடி, தொலைநோக்கியை நகர்த்தும் திருகைத் துளித்துளியாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும்.

முதல் தகட்டுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். பிறகு இருபது, முப்பது, நாற்பது. நேரம் கூடினால் மங்கலானதும் பதியும் என்று புத்தகம் சொன்னது. இன்று தொண்ணூறு நிமிஷம்.

"இன்னும் எவ்வளவு?"

"இருபத்தஞ்சு."

"கழுத்து போச்சு. திங்கக்கிழமை ஏலத்துல என்னையும் சேத்துக்கச் சொல்லுங்க."

"யாரும் எடுக்க மாட்டாங்க."

"சிரிக்க வைக்காதீங்க. கம்பி ஆடுது."

கல்லூரியில் இருட்டறை கிடையாது. மறுநாள் காலை தகட்டைக் கறுப்புத்தாளில் சுற்றி, தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனான். அங்கே தகடு கழுவுவது, படம் போடுவது எல்லாம் ஷேக் தாவூதுதான். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் ஸ்ரீரங்கத்திலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். நெகட்டிவ் ஸ்டூடியோவிலேயே தங்கிவிடும். கைக்கு வருவது படம் மட்டும்.

"என்ன சார், போன படமும் சரியில்லையா?" தாவூதின் முகம் வாடியது.

"சரியில்ல, பாய். ஃபாதருக்குத் திருப்தியில்ல."

"எனக்கும் மனசு ஒப்பல சார். இந்த வாட்டி இன்னும் கவனமா செய்யறேன்."

"ஒண்ணே ஒண்ணு, பாய். ஒரு நட்சத்திரம் விட்டுப் போகக்கூடாது. ஊசிமுனை மாதிரி இருந்தாலும் வேணும்."

"ஒண்ணுகூட விட்டுப் போகாது. இன்ஷா அல்லா, திங்கக்கிழமை காலையில நானே காலேஜுக்குக் கொண்டாந்து தரேன்."

திங்கட்கிழமை கல்லூரி வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. பெஞ்சுகள் ஏறின. தொலைநோக்கியை நான்கு பேர் மாடியிலிருந்து இறக்கிக் கொண்டிருந்தார்கள். டோரதி தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"மெதுவா, மெதுவா!" என்று விக்டர் கத்தினான்.

"இனிமே மெதுவா என்ன, வேகமா என்ன," என்றார் ஃபாதர். கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கும் வருத்தம்தான்.

தாவூது சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு வந்தார். கையில் கவர் இருந்தது. நீட்டவில்லை.

"படம் எங்க, பாய்?"

"காட்டவே வெக்கமா இருக்கு சார்." கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "கெட்டுப்போச்சு."

தொலைநோக்கி கடைசிப் படிக்கு வந்துவிட்டது.

டோரதி அப்படியே படியில் உட்கார்ந்தாள். "என் கைதான். எங்கயோ ஆடிடுச்சு."

"இல்லம்மா, உங்க மேல தப்பு இல்ல. நட்சத்திரமெல்லாம் முத்து முத்தா விழுந்திருக்கு." தாவூது தலைகுனிந்தார். "என் கைதான் தோத்துப்போச்சு."

"என்ன ஆச்சு, பாய்? சொல்லுங்க."

"முதல் தகட்டுலேர்ந்தே அந்த மூணு நட்சத்திரத்துக்குக் கீழ ஒரு கறை விழுது சார், பஞ்சு ஒட்டின மாதிரி. நாலு தகட்டுலயும் கத்தியால சுரண்டிச் சுத்தமா எடுத்துட்டேன். இந்த வாட்டி கறை உள்ளங்கை அகலம். கத்தி வச்சா உள்ள இருக்கற நட்சத்திரமும் சேந்து போயிடும்னு அப்படியே விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க."