விரலில் வந்த ஆறு

“இவன் பின்னால ஒரு வருஷம் ஊர் சுத்துறதுக்கு, நான் டூர் பஸ்ஸைக் கழுவியே பொழச்சுக்குவேன்” என்றார் டெல்மர், பிடிலின் பிருடையைத் திருகியபடி.

“மெதுவாப் பேசுங்கண்ணே, மைக் திறந்திருக்கு” என்றான் பேஸ் கிட்டார் வாசிக்கும் லெஸ்டர்.

திறந்திருந்தால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார் டெல்மர். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருந்த கெய்டன்தான் பாட்டின் தயாரிப்பாளன். மேண்டலினுக்கும் பாஞ்சோவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் பதில் சொல்வான்.

கொஞ்ச நேரம் முன்பு மைக்கில், “சார், பிடில் இன்னும் கொஞ்சம் ஊதாக் கலர்ல இருந்தா நல்லாருக்கும்” என்றான். டெல்மர் ஒரு சுரம்கூட மாற்றாமல் அதையே திரும்ப வாசித்தார். இப்போதுதான் ஊதா வந்தது என்று கெய்டன் கைதட்டினான். காலையிலிருந்து அவன் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி, காரமாகப் பொரித்த கோழி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா என்பதுதான்.

டெல்மர் யார் என்று அமெரிக்காவின் பாட்டு ஊரான நாஷ்வில்லில் யாரும் கேட்பதில்லை. பிடில், மேண்டலின், பாஞ்சோ, செல்லோ என்று தந்தி கட்டிய எதைக் கையில் கொடுத்தாலும் வாசிப்பார். காலையில் ஒரு ஸ்டுடியோ, மத்தியானம் இன்னொன்று, கோடை வந்தால் யாராவது ஒரு பாடகரோடு பஸ்ஸில் நாடு முழுக்க. ஆல்பத்தின் அட்டையில் சிரிக்கிற முகங்களில் பாதி, அவர் வில்லைப் பிடித்துக்கொண்டுதான் சுருதிக்கு வந்து சேர்ந்தன என்பது அவர் கட்சி.

இந்த வருஷம் இரண்டு இடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்று வெர்ஜிலின் குழு. வெர்ஜில் வாசிக்கத் தெரிந்த மனிதர். அவர் பக்கத்து நாற்காலிக்கு டெல்மர் வெகுகாலமாக ஆசைப்பட்டவர். இன்னொன்று, இன்று பாடுகிற மார்வாவின் டூர். அதை நடத்தப்போகிறவன் கெய்டன். இரண்டு பேருக்கும் இன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும். யோசிக்க இதில் என்ன இருக்கிறது? சாப்பாட்டு வேளையில் கெய்டனிடம் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெர்ஜிலைக் கூப்பிடுவதாகத் திட்டம். அந்தச் சந்தோஷத்தில்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டை விட்டுப் போனவள் திரும்பி வருகிற பாட்டு. எத்தனை தடவை எடுத்தும் சப்பென்றுதான் இருந்தது. மார்வாவின் முகம் தொங்கிப்போனது. முன்னறையில் போனையும் சாப்பாட்டையும் கவனித்துக்கொள்ளும் ஓப்பல்கூடப் போனைக் காதில் வைத்தபடி, வாசிக்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவுக் கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்தாள். இந்தக் கூத்து எப்போது முடியும் என்று அவளுக்கும் பொறுக்கவில்லை போல என்று நினைத்தார் டெல்மர்.

இந்த ஊரில் யாரும் சுரம் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை. கிட்டாரில் பிடிக்கிற ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும், அதாவது கார்டுக்கும், ஓர் எண் உண்டு. வாசிக்கும்போது ஒருவர் நாலு விரலைக் காட்டினால் எல்லோரும் நாலுக்குப் போவார்கள். ஆறு என்றால் சோகம். ஒன்றுதான் பாட்டின் வீடு. முடிவில் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

மறுபடி எடுத்தார்கள். கடைசி வரி வந்தது. வழக்கம்போல ஒன்றில் போய் உட்கார வேண்டிய இடத்தில், கெய்டன் எழுந்து நின்று ஒரு கையை விரித்து, மறு கையில் ஒரு விரலை நீட்டினான். ஆறு.

ஆறா? அவள் வீட்டுக்குள் நுழைகிற சமயத்தில் இந்த அறிவாளிக்கு அழுகிற ஆறு வேண்டுமாம். நாறட்டும், எல்லோரும் கேட்கட்டும் என்று, டெல்மர் வேண்டுமென்றே லெஸ்டருக்கும் ‘ஆறு’ என்று வாயசைத்துக் காட்டிவிட்டு, வில்லை ஆறில் அழுத்தி இழுத்தார்.

அறையே மாறிப்போனது. சிரித்துக்கொண்டு வந்தவள் வாசற்படியில் கால் வைக்க முடியாமல் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மார்வா பாடி முடித்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். லெஸ்டர் மூக்கை உறிஞ்சினான். இத்தனை வருஷம் தந்தியைத் தேய்த்த தனக்குத் தோன்றாதது இந்தப் பயலுக்குத் தோன்றியிருக்கிறதே என்று டெல்மருக்கு வெட்கமாக இருந்தது.

நேரே கண்ணாடிக்கு அப்பால் கெய்டனிடம் போனார். “தம்பி, அந்த ஆறு உனக்கு எப்படித் தோணிச்சு?”

கெய்டன் விழித்தான். “ஆறு போதும்னு பட்டுச்சு சார். ஏழு எட்டுன்னு போனா வீணாத்தானே போகும்?”

டெல்மர் அசந்துபோனார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஒருவனைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அங்கேயே நின்று வெர்ஜிலுக்குப் போன் போட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வெர்ஜில் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஒருவன் காத்திருக்கிறான், அவனுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

டெல்மர் கெய்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த ஊரில் கை குலுக்கினால் குலுக்கினதுதான். அதற்கப்புறம் பேச்சு மாற முடியாது.

“ஒரு வருஷம் உன் பின்னால வர்றேன் தம்பி. கத்துக்க வேண்டியது எனக்கு நெறைய இருக்கு.”

கதவு திறந்தது. முதலில் மிளகாய் நெடி வந்தது. அதன் பின்னால், பக்கத்துக் கடையின் எண்ணெய் கசிகிற பைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஓப்பல் வந்தாள்.

“நீங்க விரல்ல காட்டின ஆறு கோழி வந்தாச்சு தம்பி.”