கண்ணாடி றெக்கை

தேவநேசன் பழைய கட்டில் பலகையை அறுத்து இழைத்து, வீட்டு ஃபேனுக்குத் தன் கையாலேயே மூன்று மர றெக்கைகள் செய்தார். அவருடைய மகள் ஒரு றெக்கையின் மேல் வட்டக் கண்ணாடிகளை நெருக்கி நெருக்கி ஒட்டினாள். அதோடு கண்ணாடி தீர்ந்துபோனது. மற்ற இரண்டும் வெறும் மரமாகவே மேலே ஏறின.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் பேயாட்டம் ஆடியது. கொக்கி கிறீச்சிட்டது. வெறும் றெக்கை ஒன்றுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, விழப்போறோம்!" என்று அலறியது. தேவநேசன் ஓடிவந்து நிறுத்தினார்.

"அக்கா, உன் பாரம்தான் ஒரு பக்கமா இழுக்குது," என்றது அது, மூச்சு வாங்க. "பாதிக் கண்ணாடியையாவது உதிர்த்துடு. இல்லேன்னா அவரே சுரண்டப் போறார்."

"உனக்குப் பொறாமை," என்றது கண்ணாடி றெக்கை. ஆனாலும் தேவநேசன் ஸ்டூலில் ஏறியபோது அதுவும் நடுங்கத்தான் செய்தது.

அவர் கண்ணாடியைத் தொடக்கூட இல்லை. பிள்ளை ஆசையாக ஒட்டியதாயிற்றே! மூன்றின் பாரமும் சமமாகட்டும் என்று இரும்பு வாஷர் வளையங்களை எடுத்து, பசை தடவி, வெறும் றெக்கைகள் இரண்டின் முதுகிலும் வைத்து அழுத்தினார். ஒன்று, இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று.

"நாங்க என்னங்க பண்ணினோம்?" என்றது வெறும் றெக்கை, திகைத்துப்போய். அவர் காதில் விழவில்லை.

மறுபடி சுவிட்சைப் போட்டார். ஃபேன் துளிகூட ஆடாமல் சுற்றியது.

"பாத்தியா?" என்றது கண்ணாடி றெக்கை. "இவ்வளவு நேரமும் ஆட்டினது நீங்கதான். உங்களைச் சரி பண்ணினதும் நின்னுடுச்சு."