கப்பலை நகர்த்தியது யார்?

ராஜாங்கம் கப்பலை நிறுத்திவிட்டுப் போன இடம் ஒன்று. ஷிப்ட் முடிந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் அது நிற்கிற இடம் வேறு. எட்டு நட்சத்திரம் தள்ளிப் போய் நிற்கிறது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறவர் அவர். வீட்டுக்கு வந்தால் விண்வெளிக் கப்பல் ஓட்டுகிறவர். கம்ப்யூட்டர் விளையாட்டுதான், ஆனால் லேசுப்பட்டதில்லை. பால்வீதியின் கடைசி நட்சத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நாற்பத்து மூன்று நாளாகப் போய்க்கொண்டே இருக்கிறார். நடுவில் கப்பல் வெடித்தால் அத்தனையும் போச்சு, முதலிலிருந்து கிளம்ப வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட கப்பலை யாரோ எடுத்து ஓட்டியிருந்தால் வயிறு எரியாதா?

"நாப்பத்தேழு வயசுல ராக்கெட்டு விளையாட்டு. யாராச்சும் கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க" என்று சமையல்கட்டிலிருந்து மனைவி நீலாவதி வழக்கமான பாட்டை ஆரம்பித்தாள்.

அவர் காதில் வாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டார்.

"தமிழினி, கப்பலைத் தொட்டது யாரு?"

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"நாந்தாம்ப்பா."

"பரீட்சைய வச்சிக்கிட்டு உனக்கு விளையாட்டு கேக்குதா? இரு, இப்பவே பாஸ்வேர்டு போடறேன். இனிமே யாரும் கைய வைக்க முடியாது."

திட்டி முடித்த பிறகுதான் அவர் நிதானமாகத் திரையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஆச்சரியம் தாங்கவில்லை.

அவர் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவுவதோடு சரி. பக்கத்தில் என்ன கிரகம் இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இந்த எட்டு நட்சத்திரத்திலோ ஒரு கிரகம் விடாமல் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் இறங்கி, விடியும்வரை காத்திருந்து போட்டோ வேறு எடுத்திருக்கிறார்கள். நீலமும் ஆரஞ்சுமாக அப்படியொரு விடியல்.

எரிபொருளும் நிறைந்திருக்கிறது. அதுதான் இன்னும் பெரிய ஆச்சரியம். நட்சத்திரத்தை ஒட்டிப் பறந்துதான் அதை உறிஞ்ச வேண்டும். ஒரு முடியளவு அதிகமாக நெருங்கினால் சூடு ஏறிக் கப்பல் கருகிவிடும். வருசக்கணக்காகச் சூளைத் தீயோடு பழகிய அவரே ஆரம்பத்தில் இரண்டு கப்பலைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்.

கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஏம்மா, சூடு ஏறாம எப்படிப் புடிச்ச? எந்த பட்டனை அமுக்குன?"

தமிழினி விழித்தாள். "அது... இந்த பட்டன்தாம்ப்பா."

"அது லைட்டு போடற பட்டன். நீ ஓட்டல. யாரைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்ற?"

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

தமிழினி குரலைத் தாழ்த்தினாள். "அம்மாதாம்ப்பா. தெனம் டீ குடுத்துட்டு உங்க பின்னால நின்னு பாத்தே கத்துக்கிச்சி. நீங்க ஷிப்ட்டுக்குப் போனா ஓட்டும், வர்றதுக்குள்ள பழைய எடத்துல கொண்டாந்து விட்டுரும். இன்னிக்கி அந்த விடியலைப் பாத்துக்கிட்டு உக்காந்ததுல நேரம் போயிருச்சி. உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்குது."

ராஜாங்கத்தால் நம்ப முடியவில்லை. "உங்கம்மாவா? இந்த விளையாட்டுக்காக என்னைத் தெனம் திட்டித் தீக்கறவளாச்சே?"

"நீங்க விளையாடறதுக்கா அம்மா திட்டுது? தனியாப் போறீங்கன்னுதாம்ப்பா திட்டுது."